இடது ஏழு, வலது ஐந்து

அவரோடு மட்டும் கடைக்குப் போய்விடாதே என்று அந்த ஆபீசில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிவிட்டார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிஞ்சியிருக்கும்.

சம்பளக் கணக்குப் பிரிவில் எனக்கு எதிர் மேசை அவருடையது. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். தாத்தா காலத்தில் மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்கென்று வந்து பெங்களூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். லிங்கராஜபுரத்தில் அம்மாவோடு இருந்தார். தமிழில் ஆரம்பித்த பேச்சைக் கன்னடத்தில் முடிப்பார். நான் ஆம்பூர்க்காரி. கணவரின் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் வீடு பிடித்திருந்தோம். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஏ ஆம்பூர்" என்றுதான் கூப்பிடுவார். ஆபீசுக்குப் போகிற வழியில் அவர் வீடு இருந்ததால் என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

பெங்களூரில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான். பஸ்ஸில் இருவர் உட்காரும் இருக்கையில் மூன்றாவது ஆள் வந்து நின்றாலும், வீட்டுக்காரர் தண்ணீர் விட மறந்தாலும், ஓட்டலில் கேட்டது ஒன்று வந்தது வேறொன்றாக இருந்தாலும், 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி', கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று பல்லைக் காட்டுவார்கள். நாமும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்காருவோம். இந்த மனுஷி நகரமாட்டார். 'ஆகல்லா' என்பார். முடியாது என்று அர்த்தம். கோபமாகச் சொன்னாலாவது சண்டை என்று வைத்துக்கொள்ளலாம். மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்கிற குரலில் சொல்வார்.

ஒருமுறை ஆபீசில் எல்லோருக்கும் புது நாற்காலி வந்தது. அவருடையதில் ஒரு சக்கரம் உருளவில்லை. நிர்வாகப் பிரிவில் சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம், அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்றார்கள். அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே வேலை செய்தார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கூச்சம் பிடுங்கித் தின்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள், நான் ஏதோ சொல்லி உட்கார வைக்கலாமே என்பதுபோல. மறுநாள் வேறு நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதுகு சாய்கிற இடம் தளர்ந்திருக்கிறது என்று மறுபடி எழுந்துகொண்டார்.

கேன்டீனில் ஆறிப்போன சாம்பார் அவர் தட்டிலிருந்து திரும்பிப் போகாத நாள் குறைவு. அவரோடு ஆட்டோவில் போனால் கூகுள் காட்டிய வழியைவிட ஒரு தெரு சுற்றிப் போனதற்கு விளக்கம் கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து நான் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஷூ விவகாரம் ஆபீஸ் மலையேற்றத்தில் ஆரம்பித்தது. எங்கள் பிரிவிலிருந்து எல்லோரும் ஒரு ஞாயிறு எங்கேயோ மலைக்குப் போவதாக ஏற்பாடு. போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருக்கு வலது கால் கொஞ்சம் இழுக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், களைத்துப்போன சாயங்காலங்களில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பாவம், கஷ்டப்படுத்த வேண்டாம் என்று யாரோ நல்ல எண்ணத்தில் அவரைக் கேட்காமலே விட்டுவிட்டார்கள். அவர் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் போய்விட்டு வந்த திங்கட்கிழமை, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னார்: "ஏ ஆம்பூர், எனக்கு மலையேற ஒரு நல்ல பூட்ஸ் வாங்கணும். நீதான் கூட வரணும். உங்க ஊர்ல ஷூதான தொழில்?"

எங்கள் ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் இருப்பது உண்மைதான். ஆனால் எங்கள் அப்பா கணக்கு வாத்தியார். அம்மா தையல் மிஷின் வைத்திருந்தார். எனக்கும் ஷூவுக்கும் உள்ள சம்பந்தம், பள்ளிக்கூடம் போகும்போது அதைக் காலில் மாட்டிக்கொண்டதோடு சரி. இதை அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கடையிலும் விற்பனைக்கு நிற்கும் பையனிடம், "இவங்க ஆம்பூர், இவங்களுக்குத் தெரியும்" என்று என்னை முன்னால் தள்ளுவார். அவன் உடனே பயபக்தியோடு அடிப்பகுதியை என்னிடம் திருப்பிக் காட்டுவான். நான் அதை விரலால் தட்டிப் பார்த்து ம்ம் என்பேன். வேறென்ன செய்வது?

கடைக்குப் போவதற்கு அவர் வைத்திருந்த சட்டதிட்டங்கள் தனி. காலையில் போகக் கூடாது, சாயங்காலம்தான் போகவேண்டும். நாளெல்லாம் நடந்த பிறகு கால் கொஞ்சம் உப்பியிருக்குமாம், மலையிலும் அப்படித்தான் உப்புமாம். கடைக்காரர் தரும் மெல்லிய சாக்ஸ் ஆகாது, வீட்டிலிருந்தே கம்பளி சாக்ஸ் கொண்டுவருவார். போட்டுக்கொண்டதும் விரல் நுனியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். முன்பக்கம் இடம் இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் பெயர்ந்துவிடும் என்பார். பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்து வளைப்பார். விரல் மடங்குகிற இடத்தில் மடங்கினால் சரி, நடுவில் மடங்கினால் கீழே வைத்துவிடுவார். அடியில் பள்ளங்கள் ஆழமாக இருக்கிறதா, அடித்தட்டு வெறும் பசையில் நிற்கிறதா, தையலும் உண்டா, கணுக்காலைச் சுற்றி இறுக்கம் எப்படி, நாக்குப் பகுதி இரண்டு பக்கமும் ஒட்டித் தைத்திருக்கிறார்களா, இல்லாவிட்டால் சின்னக் கல் உள்ளே போகுமே என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு கடை முழுக்க நடப்பார். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குவார். ஒரு கடையில் படி இல்லை என்று பக்கத்துப் பல் டாக்டர் கிளினிக்கின் படியில் ஏறிவிட்டார். விற்காத பூட்ஸ் தெருவுக்குப் போகிறதே என்று காவலாளி பின்னாலேயே ஓடிவந்தார். அவருக்குச் சமாதானம் சொன்னதும் நான்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகு கேட்பார்: "இடது ஏழு, வலது அஞ்சு. தனித்தனியா குடுப்பீங்களா?"

முதல் கடையில் இதைக் கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. பிறக்கும்போதே அவருடைய வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்ததாம். குழந்தையில் மாவுக்கட்டு போட்டுப் போட்டு மாற்றியிருக்கிறார்கள். பிறகு ஆபரேஷன். பாதம் நேராகிவிட்டது. ஆனால் இடது பாதம் அளவுக்கு வளரவில்லை. அதைப் பற்றி அவர் வருத்தமாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பஞ்சைப் பற்றித்தான் சொன்னார். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து வலது ஷூவின் முன்பக்கத்தில் அம்மா பஞ்சு வைத்து அனுப்புவாராம். மழை பெய்தால் அது ஊறிப்போய் கல்லாகிவிடும். வெயிலில் நழுவி ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும். "இதுக்கு மேல பஞ்சு வெக்கிறதில்லைன்னு இருக்கேன்" என்றார்.

எந்தக் கடையிலும் தனித்தனியாகத் தரமாட்டோம் என்றார்கள். மிச்சமாகும் ஒற்றைகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? உள்ளே ஒரு அட்டை வைத்துக்கலாம் மேடம், தடிமனா ஒரு சாக்ஸ் போட்டா சரியாயிடும் மேடம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். அடுத்த வாரம் அடுத்த கடை. கமர்ஷியல் ஸ்ட்ரீட், இந்திராநகர், கம்மனஹள்ளி. அடுத்தது எது என்று என் கணவர் சனிக்கிழமையே கேட்க ஆரம்பித்துவிட்டார். ஞாயிறு மதியம் ஆட்டுக்கறி சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுக்கலாம் என்றால் போன் வரும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன். ரெண்டு ஜோடி வாங்கிடுங்க, வேண்டாத ரெண்டைத் தூக்கிப் போட்டுடுங்க, வாங்க முடியாதவங்களா நீங்க என்று. அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். எல்லாருக்கும் இரண்டு காலுக்கு ஒரு ஜோடி, எனக்கு மட்டும் எதற்கு இரண்டு என்று கேட்டார். பிறகு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, வெகு நேரம் கழித்துப் பின்னாலிருந்து சொன்னார்.

"மிச்சம் ஆகுதில்ல, இடது அஞ்சு, வலது ஏழு. அந்தக் கால் இருக்கறவங்க எங்கயாவது இருப்பாங்க இல்லையா?"

இப்படித்தான் என் தலையில் அடுத்த வேலை விழுந்தது. மலையேறுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் இரண்டில் நான் இருந்தேன். விஷயத்தை எழுதிப் போட்டேன். வரன் தேடும் விளம்பரம் மாதிரி இருக்கிறது, நட்சத்திரம் என்ன என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் நாய் கடித்துக் குதறிய ஒற்றைச் செருப்பின் படத்தை அனுப்பி, இது ஆகுமா என்றார். நான் அந்தக் குழுக்களிலிருந்தே வெளியேறலாமா என்று இருந்தபோது பீன்யாவிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். குள்ளமான, இறுகின உடம்பு, நாற்பது வயதிருக்கும். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் மெலிந்து, பாதம் சின்னதாக நின்றுவிட்டது. இடது ஐந்து, வலது ஏழு. கம்பெனி நண்பர்களோடு விடுமுறை நாட்களில் ராமநகரம், சாவனதுர்கா என்று மலை மலையாக ஏறுகிறவர். ஏழாம் நம்பர் ஷூ வாங்கி, இடது காலில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறுவாராம்.

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. என் ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கம்மனஹள்ளிக் கடையில் மூவரும் சந்தித்தோம். அங்கே ஒரு மாடலை அவர் மனதில் தேர்ந்து வைத்திருந்தார். கணுக்கால் உயரம், தைத்த அடித்தட்டு, நல்ல ஆழமான பள்ளம். ஏழில் ஒரு ஜோடி, ஐந்தில் ஒரு ஜோடி கொண்டுவரச் சொல்லி, கடைக்காரர் கண் முன்னாலேயே ஒற்றைகளை மாற்றிக்கொண்டார்கள். அவர் இடது ஏழையும் வலது ஐந்தையும் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். நான் அதுவரை பார்க்காத நடை அது. அந்தக் கடையில் கற்களைப் பதித்து ஒரு சின்னச் சரிவு கட்டியிருந்தார்கள். அதில் ஏறி இறங்கினார். கம்பளி சாக்ஸை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நான் கைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டேன்.

அப்போது அவர் பீன்யாக்காரர் பக்கம் திரும்பி, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் எழுந்து நடந்து, நல்லாத்தான் இருக்குது மேடம் என்றார். சரிவில் ஏறி இறங்கச் சொன்னார். இறங்கும்போது அவர் முகம் லேசாகச் சுருங்கியதை நானும் பார்த்தேன். பீன்யாக்காரருக்கு அகலமான பாதம். இது ஒடுங்கிய முன்பக்கம்.

"விரல் இடிக்குதா?"

"கொஞ்சம். பரவால்ல மேடம். உங்களுக்குச் சரியா இருக்குதுல்ல, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

இவர் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார். இரண்டு பூட்ஸையும் கழற்றிப் பெட்டியில் வைத்தார். இது பேடா, வேண்டாம், வேற பாக்கலாம் என்றார்.

நான் ஏதோ சொன்னேன். கடைக்காரரும் சொன்னார். போகப் போகத் தோல் விட்டுக்கொடுக்கும் என்றார். இவர் கேட்கவில்லை. தன் இடது காலில் முதல்முறையாகத் துணி சுற்றாமல் மாட்டிய பூட்ஸைக் கழற்றப் பீன்யாக்காரருக்கு மனமில்லை என்பது தெரிந்தது. பிறகு மெதுவாகத்தான் பேசினார்.

"மேடம், உங்க கால் வலி உங்களுக்கு. என் கால் வலிக்குதா தாங்குமான்னு நான்தான் சொல்லணும். நீங்க எப்படி வேணாம்னு சொல்லலாம்?"

அவர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, எனக்கு மட்டும் போய்வருகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பீன்யாவிலிருந்து கம்மனஹள்ளிக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார் மனுஷன். என் ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. வண்டியை எடுத்தேன். லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு முன்னால் சிக்னலில் நின்றோம். பின்னாலிருந்து அவர்தான் பேசினார்.

அவருக்கு இருபத்தைந்து வயதில் ஒரு வரன் வந்ததாம். நல்ல இடம். பையனும் பிடித்துப்போனவன்தான். பெண் பார்க்க வந்தவர்கள் டிபன் எல்லாம் சாப்பிட்டுவிட்டு, எழுந்து போகும்போது பையனின் அப்பா இவருடைய அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்.

"கால் விஷயம் ஒண்ணும் கவலைப்படாதீங்க, நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்னாரு. எங்கப்பா அழுதுட்டாரு, சந்தோஷத்துல. நான் ஆகல்லான்னுட்டேன்." சிக்னல் விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். "காலம் பூரா அவங்க அட்ஜஸ்ட் பண்ணிட்டே இருப்பாங்க, நான் அதைப் பாத்துட்டே இருக்கணும். யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது. ஆனாலும் அது கல்யாணம், இது பூட்ஸ் அல்லவா? ஒரு மனிதன் ஆசையாகப் போட்டுக்கொண்டதைக் கழற்ற வைத்துவிட்டு, தன் இருபத்தைந்து வயதுக் கதையைச் சொன்னால் ஆயிற்றா? அதை அவரிடமே சொன்னேன். அவர் வீட்டு வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பீன்யாக்காரர் சொன்னது சரிதான் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரமே பீன்யாக்காரருக்கு அவரே போன் செய்திருக்கிறார். உங்கள் காலைப் பற்றி நான் முடிவு செய்தது தப்பு என்று சொன்னாராம். ஆனால் வலித்தால் வலிக்கிறதென்று நீங்களும் உள்ளபடி சொல்லவேண்டும், எனக்காகப் பொறுத்துக்கொள்வதாக இருந்தால் வரவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்பதில்கூட நிபந்தனை. பீன்யாக்காரர் வந்தார். ஆக, என் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இரண்டு பேர்.

அவர் பீன்யாக்காரரைப் படுத்திய பாடு இருக்கிறதே! ஒவ்வொரு பூட்ஸுக்கும் கேள்வி. குதிகால் தூக்குகிறதா, சுண்டுவிரல் எப்படி, பாதத்தின் மேல்பக்கம் அழுத்துகிறதா? அவர் எல்லாவற்றுக்கும் நல்லாத்தான் இருக்குது என்பார். இவர் விடமாட்டார். மறுபடி நடங்கள், மறுபடி யோசியுங்கள். ஒருநாள் அந்த மனுஷன் சலித்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வலிக்குதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல மேடம். எப்பவும் வலிக்கும். அதனால இதுல வலிக்குதா, முன்ன இருந்த வலியான்னு தெரியல."

இவர் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய இடது காலில் இருந்த பூட்ஸின் மேல் ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்தி, இங்கேயா, இங்கேயா என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லை, இல்லை, இங்கே ஆமாம் என்று சொன்னார். விற்பனைக்கு நின்ற பையன் என்னைப் பார்த்தான். நான் ஆம்பூர்க்காரி என்ற ஹோதாவில், ஷூ வாங்குவது என்றால் இப்படித்தான் என்பதுபோல நின்றேன்.

கடைசியில் இந்திராநகரில் ஒரு கடையில் அமைந்தது. முன்பக்கம் அகலம், பீன்யாக்காரரின் விரல்கள் விரிந்து உட்கார்ந்தன. இவருக்குத்தான் குதிகால் கொஞ்சம் தூக்கியது. லேஸை மேல் துளைகளில் ஒரு வளையம் போட்டு இறுக்கினால் குதிகால் நிற்கும் என்று கண்டுபிடித்து, அப்படிக் கட்டிக்கொண்டு நடந்தார். சரியாகிவிட்டது. இது மட்டும் அட்ஜஸ்ட் இல்லையா என்று நான் கேட்டேன். எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டுமே. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, லேஸ் இருப்பதே கட்டுவதற்குத்தான் என்றார்.

பில் போடும்போது இன்னொரு ரகளை. ஒரு பெட்டியில் ஏழும் ஐந்தும் கலந்திருந்தால் நாளை மாற்ற வந்தால் மாற்றமாட்டோம் என்றார்கள். பெட்டி இரண்டிலும் பேனாவால் அளவுகளை எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். பீன்யாக்காரர் பெட்டியைக் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. பூட்ஸைப் போட்டுக்கொண்டே மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்தார்.

உடனே மலைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன் பாருங்கள். புது பூட்ஸோடு மலையேறினால் கொப்புளம் வரும், முதலில் பழக்கவேண்டும் என்றார். வாரக் கணக்கில் புடவைக்குக் கீழே அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். லிஃப்ட்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறினார். தட் தட்டென்று அவர் வருகிற சத்தம் ஒரு மாடிக்கு முன்பே கேட்கும். முன்பு மலையேற்றப் பட்டியல் போட்டவர்கள் கம்ப்யூட்டருக்குள் தலையை நுழைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக மழைக்காலம் முடிந்ததும் பீன்யாக்காரரின் கம்பெனி ஆட்கள் மாகளிதுர்கா போவதாகச் சொன்னார்கள். தொட்டபள்ளாபுரம் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய பாறை மலை. ஒரு வேனில் எல்லோரும் கிளம்பினோம். எனக்கு நான் ஆன்லைனில் நிறம் பார்த்து வாங்கின ஷூ. காலையில் அதைப் பார்த்ததுமே அவர் முகம் போன போக்கைக் கவனித்து, தயவுசெய்து இன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லவில்லை.

ஏற்றம் ஆரம்பித்தது. கரடுமுரடான பாதை. உருண்டை உருண்டையாகக் கற்கள், இடையில் முட்புதர், சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏறவேண்டும். அவர் மெதுவாக வந்தார். ஒவ்வொரு கல்லிலும் காலை வைத்து, எடை போட்டுப் பார்த்து, பிறகு அடுத்தது. பாதி மலை வந்திருக்கும். ஒரு தட்டைப் பாறையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு வருடம். எத்தனை கடை, எத்தனை படி, எத்தனை சண்டை. எல்லாம் பாதி மலையில் உட்காருவதற்கா? இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, கஷ்டப்பட்டு ஏறிவிடுங்கள் என்றேன்.

"எதுக்குக் கஷ்டப்படணும்? மூச்சு முட்டுது. கால் இல்ல, மூச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நீ போயிட்டு வா."

பேசிப் பயனில்லை. நாங்கள் ஏறினோம். மேலே இடிந்த கோட்டைச் சுவர், சின்னக் கோயில், கீழே ஏரி. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் என் கட்டைவிரல் ஷூவின் முனையில் போய் இடித்தது. நகம் கறுத்துவிட்டது என்பது கழற்றிப் பார்க்காமலே தெரிந்தது.

அவர் அதே பாறையில் இருந்தார். காலை நீட்டி, பூட்ஸ் இரண்டையும் வெயிலில் காட்டிக்கொண்டு, பொட்டலம் பிரித்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏறிப் போகும் காலேஜ் பெண்கள் இருவரிடம் அவர்கள் காலில் இருப்பது ஓடுவதற்கான ஷூ, பாறையில் வழுக்கும் என்று கன்னடத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் எங்களைப் பார்த்தார்.

"எங்கயும் வலிக்கல" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பீன்யாக்காரரைப் பார்த்துச் சொன்னார். அந்த மனுஷன் தலையைக் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். ஒரு காலை எடுத்து வைத்தார், அடுத்ததை எடுத்து வைத்தார்.

"எனக்கும் மேடம்" என்றார்.

இவர் பொட்டலத்தில் மிச்சமிருந்த சாதத்தை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். கறுத்த நகத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

கீழே வந்து சேர்ந்தபோது நான்கு மணி தாண்டிவிட்டது. எல்லோரும் களைத்துப்போய் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். இந்த மனுஷி மட்டும் ஏறவில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு காலி மைதானம் இருந்தது. அதில் நடந்துகொண்டிருந்தார். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினார். இந்தக் கோடிக்கு வந்து திரும்பினார். மேலே ஏறாமல் மிச்சம் வைத்த மூச்சையெல்லாம் சமதரையில் செலவழிப்பதுபோல, கையை வீசி, புழுதி கிளம்ப நடந்தார். கால் இழுக்கிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன். இழுக்கத்தான் செய்தது. அவர் அதை லட்சியம் செய்ததாகத் தெரியவில்லை.

டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவர் கையைத் தூக்கி, இதோ என்று காட்டிவிட்டு மறுபடி அந்தக் கோடிக்குத் திரும்பினார். யெலஹங்கா நெருக்கடியில் மாட்டிக்கொள்வோம் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார். பெங்களூருக்குள் நுழையவே இருட்டிவிடும், என் மகனுக்கு மறுநாள் பரீட்சை வேறு. டிரைவர் என் பக்கம் திரும்பி, "லேட் ஆய்த்து மேடம், ஹோகி கர்க்கொண்டு பன்னி" என்றார். போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று.

நடக்கட்டும் என்று நான் ஷூவைக் கழற்றி, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.